குடிக்கு முன் ஒரு ‘காஸ்ட்ரைட்டிஸ்’ குளிசை: வயிற்றில் உண்மையில் நடப்பது என்ன?

கண்டியிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வயிற்று அமில மருந்துகளைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. குடிக்கப் போகுமுன் ஒரு ஒமெப்ரசோல் போட்டுக்கொண்டால் சாராயம் வயிற்றைத் தாக்காது என்பது ஒன்று. ‘காஸ்ட்ரைட்டிஸ்’ குளிசை போட்டவன் குடித்தால் வெறி இரட்டிப்பாக ஏறும் என்பது மற்றது. கலஹா, தெல்தோட்டைப் பக்கத்து லயன்களில் இவற்றைக் கேட்கலாம். பேராதனையில் படிக்கும் மாணவர்களிடமும் கேட்கலாம். கிளிநொச்சியிலும் இதே பேச்சுத்தான்.

முதலாவது பிழை, அதுவும் ஆபத்தான பிழை. இரண்டாவதில் ஒரு சிறு உண்மை இருக்கிறது. ஆனால் இன்று நம் கையில் கிடைக்கும் குளிசைகளுக்கும் நம்மவர்கள் வழமையாகக் குடிக்கும் அளவுக்கும் அந்த உண்மை பெரும்பாலும் பொருந்தாது. இந்த இரண்டு பேச்சுக்கும் வெளியே, யாரும் அதிகம் பேசாத வேறு சில விடயங்கள் உள்ளன. போரைக் கடந்து வந்த குடும்பங்களுக்கு அவையே முக்கியம். முதலில் வயிற்றுக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம்.

அமிலம் மதுசாரத்தைக் கரைப்பதில்லை

இரைப்பையில் சுரக்கும் அமிலம் மதுசாரத்தை உடைக்கிறது, ஆகவே அமிலத்தைக் குறைத்தால் மதுசாரம் உடையாமல் இரத்தத்தில் சேர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மதுசாரத்தை உடைப்பது ஒரு நொதியம். அதன் பெயர் அல்ககோல் டிஹைட்ரோஜினேஸ். இந்த நொதியம் பெருமளவில் இருப்பது ஈரலில். சிறிதளவு இரைப்பையின் உட்சுவரிலும் இருக்கிறது. குடித்த மதுசாரத்தில் ஒரு சிறு பங்கு இரத்தத்தை அடையுமுன்பே இரைப்பைச் சுவரில் உடைபடுகிறது. மீதி சிறுகுடலுக்குப் போய், அங்கிருந்து விரைவாக இரத்தத்தில் கலந்து, ஈரலுக்குப் போகிறது. ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். சராசரி உடம்பில் அது மணிக்கு 7 முதல் 10 கிராம் வரையான மதுசாரத்தை அகற்றும். தேசிக்காய், மோர், கறுப்புக் கோப்பி எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது.

ஆகவே ஒரு அமில மருந்து வெறியைக் கூட்ட வேண்டுமானால், அது அமிலத்தைக் குறைத்தால் மட்டும் போதாது, இந்த நொதியத்தையும் மந்தமாக்க வேண்டும். அமில மருந்துகளில் ஒரு சில அதைச் செய்கின்றன என்பதே கதையின் தொடக்கம்.

சிமெடிடீன் என்ற மருந்து 1976இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. குடற்புண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்த காலத்தை அது மாற்றிவிட்டது. அதைக் கண்டறிந்த ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். அதன் பின் அதே வகையில் ரனிடிடீன் வந்தது. எண்பதுகளில் இலங்கையின் கிளினிக்குகளிலும் பழகிப்போன பெயர் அது. இவ்விரண்டும் இரைப்பை நொதியத்தை ஓரளவு தடுக்கக்கூடியவை என்று ஆய்வுகூடங்களில் தெரிந்தது. நியூயோர்க்கில் சாள்ஸ் லீபரின் குழு இதில் முன்னணியில் நின்றது. 1992இல் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு வாரம் ரனிடிடீன் எடுத்தவர்கள் காலை உணவுக்குப் பின் சிறிதளவு மதுசாரம் குடித்தபோது, இரத்தத்தில் அதன் உச்ச அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. ‘குளிசை போட்டால் வெறி இரட்டிப்பு’ என்ற பேச்சின் வேர் இதில்தான் இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வாய்வழியே வரும்போது இரட்டிப்பாகிவிட்டது.

கால் போத்தல் கணக்கு

அந்த ஆய்வில் கொடுத்த மதுசாரம் உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 18 கிராம். இதைச் சாராயக் கணக்குக்கு மாற்றுவோம். போத்தலில் 33.5% என்று அச்சிட்ட சாராயத்தில் 18 கிராம் மதுசாரம் என்பது ஏறத்தாழ 68 மில்லிலீற்றர். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இரண்டு சிறு ‘ஷொட்’ குடித்துவிட்டு எழுந்து போகிற மனிதருக்கு அந்தக் கணக்குச் சரிவரும். அவருடைய இரத்தத்தில் இருக்கும் அளவே மிகக் குறைவு. குறைந்த அளவு மூன்றில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்த அளவுதான்.

தவறணையில் வாங்கும் கால் போத்தல் 180 மில்லிலீற்றர். அதே 33.5% என்றால் அதில் ஏறத்தாழ 48 கிராம் மதுசாரம். 60 கிலோ மனிதருக்கு இது கிலோவுக்கு 0.8 கிராம். தற்செயலாக, வேறு ஆய்வாளர்கள் பரிசோதித்ததும் இதே 0.8 கிராம் அளவைத்தான். அந்த அளவில் ரனிடிடீன் போட்டவருக்கும் போடாதவருக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. காரணம் எளிது. இரைப்பையின் நொதியம் ஒரு சிறு வாய்க்கால் மாதிரி. ஒரு குவளைத் தண்ணீரை அது கொண்டுபோகும். குளம் உடைந்து வரும்போது வாய்க்காலை அடைத்தால் என்ன, திறந்தால் என்ன? 1998இல் இவ்வகை ஆய்வுகளையெல்லாம் ஒன்றுதிரட்டிப் பார்த்த கட்டுரையொன்றும் சிமெடிடீன், ரனிடிடீன் இரண்டும் சிறிய ஏற்றத்தையே உண்டாக்குகின்றன, நடைமுறையில் அதற்குப் பெரிய பொருள் இல்லை என்ற முடிவுக்கே வந்தது.

8.8% பியர் குடிப்பவர்கள் தமக்கு இது பொருந்தாது என்று நினைக்கக்கூடும். 625 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் இருப்பது ஏறத்தாழ 43 கிராம். கால் போத்தலுக்கு அருகில்தான் நிற்கிறது. கசிப்பைப் பற்றி எந்தக் கணக்கும் போட முடியாது. அதைக் காய்ச்சியவருக்கே அதன் வீரியம் தெரியாது.

இதில் இன்னும் இரண்டு விடயங்கள். வெறும் வயிற்றில் குடித்தால் மதுசாரம் இரைப்பையில் தங்காமல் உடனே சிறுகுடலுக்குப் போய்விடுகிறது, இரைப்பை நொதியத்துக்கு வேலையே கிடைப்பதில்லை. நாள்தோறும் குடிப்பவரின் இரைப்பையில் அந்த நொதியம் ஏற்கெனவே குறைந்திருக்கும். வேலை முடிந்து வெறும் வயிற்றோடு வந்து, கால் போத்தலை அரை மணித்தியாலத்தில் முடிக்கும் ஒருவரிடம் குளிசை தடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பெண்களிடம் இந்த நொதியம் பொதுவாக ஆண்களைவிடக் குறைவு என்று 1990இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உடம்பின் நீரளவும் பெண்களுக்குக் குறைவு. ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் இரத்தத்தில் கூடுதலாக ஏறும். தோட்டங்களில் பெண்கள் குடிப்பதைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை என்பதால் இந்தத் தகவல் போய்ச் சேர வேண்டியவர்களிடம் போய்ச் சேர்வதுமில்லை.

இன்றைய குளிசைகளுக்கு வருவோம். சிமெடிடீனை இப்போது எழுதுகிறவர்கள் அரிது. ரனிடிடீனில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஒரு மாசுப்பொருள் காணப்பட்டதால் 2019இல் உலகெங்கும் பிரச்சினை எழுந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து முழுதாக நீக்கச் சொன்னது. அதன் இடத்துக்கு வந்த ஃபமொடிடீன் இரைப்பை நொதியத்தைத் தடுப்பதில்லை. ஒமெப்ரசோல், பன்டொப்ரசோல், எஸொமெப்ரசோல் வகைகளும் அப்படியே. வெள்ளைத் திரவமாகக் கொடுக்கும் மருந்துகள் இருக்கிற அமிலத்தை நடுநிலையாக்கும், அவ்வளவுதான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அது அமில மருந்தே இல்லை. ஒமெப்ரசோலோடு சேர்த்துச் சாப்பாட்டுக்கு முன் எடுக்கச் சொல்லி அடிக்கடி தரப்படும் டொம்பெரிடோன் இரைப்பையை விரைவாகக் காலியாக்கும் வகையைச் சேர்ந்தது. இதே வேலையைச் செய்யும் மெடொகுளோபிரமைட், மதுசாரம் இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் கூட்டுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. மொத்த அளவு மாறாவிட்டாலும், ‘சடாரென்று ஏறிவிட்டது’ என்று ஒருவர் சொன்னால் அவர் ஒமெப்ரசோலோடு வேறென்ன எடுத்தார் என்று கேட்க வேண்டும்.

வலி இல்லை என்றால் புண் இல்லையா?

முதலாவது நம்பிக்கை, அதாவது குளிசை வயிற்றைக் காக்கும் என்பது, ஏன் ஆபத்து? ஒமெப்ரசோல் அமிலத்தைக் குறைக்கிறது, எரிவு குறைகிறது. மதுசாரம் இரைப்பைச் சுவரை நேரடியாக அரிப்பதை அது நிறுத்துவதில்லை. ஈரலுக்கோ கணையத்துக்கோ அது எந்தக் காவலும் இல்லை. நெஞ்செரிவு என்பது ‘இன்றைக்குப் போதும்’ என்று உடம்பு சொல்லும் ஒரே பாஷை. அந்த வாயைக் கட்டிவிட்டுக் குடித்தால் இரண்டாவது கால் போத்தலும் இறங்கும். குளிசை வெறியைக் கூட்டவில்லை. குடிக்கும் அளவைக் கூட்ட வழிவிட்டது. இரைப்பைப் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறிகளைக்கூட இந்த மருந்துகள் சில காலம் மூடிவைக்கும் என்பது வைத்தியர்கள் நன்கறிந்த விடயம்.

ஈரலைப் பற்றி இன்னொரு செய்தி 2017இல் வந்தது. சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எலிகளில் இரைப்பை அமிலத்தைத் தடுத்துப் பார்த்தார்கள். அமிலம் குறைந்ததும் என்டரோகொக்கஸ் என்ற பற்றீரியா குடலில் பெருகியது; அது ஈரலுக்குக் கடந்து அழற்சியைக் கூட்டியது. மதுசாரமும் சேர்ந்தபோது ஈரலின் பழுது அதிகமாகியது. அதே கட்டுரையில் டென்மார்க்கின் நோயாளர் பதிவுகளும் பார்க்கப்பட்டன. மதுசாரத்துக்கு அடிமையான சுமார் 4,800 பேரில், ஒமெப்ரசோல் வகை மருந்தை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 10 ஆண்டுக்குள் மதுசார ஈரல் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 21%. ஒருபோதும் எடுக்காதவர்களுக்கு 12%. மருந்துதான் காரணம் என்று இந்த எண்களை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. கூடுதலாகக் குடித்தவர்களுக்கே வயிற்று மருந்தும் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கலாம். ஆனாலும் ‘வயிற்றுக்குப் பாதுகாப்பு’ என்று நாள்தோறும் போட்டுக்கொள்கிறவர்கள் தெரிந்திருக்க வேண்டிய எண்கள் இவை.

நீண்ட காலம் எடுத்தால் உடம்பில் மக்னீசியமும் விற்றமின் பி12உம் குறையலாம். குடியும் இவற்றைக் குறைக்கும். கைகால் விறைப்பு, தசைப்பிடிப்பு என்று வருகிறவரிடம் இரண்டுமே சேர்ந்து வேலை செய்திருக்கக்கூடும். இதற்காகப் பயந்து மாதக்கணக்கில் எடுத்த ஒமெப்ரசோலை ஒரே நாளில் நிறுத்தினால், அடக்கி வைத்த அமிலம் சில வாரங்களுக்குக் கூடுதலாகச் சுரந்து எரிவு முன்னைவிட மோசமாகும். ‘குளிசை இல்லாமல் இருக்க முடியவில்லை’ என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். வைத்தியரோடு பேசி அளவைப் படிப்படியாகக் குறைப்பதே வழி.

போரின் மிச்சங்களும் குளிசைப் பையும்

1977, 1981, 1983 வன்முறைகளின்போது மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போனவர்கள் பலர். அவர்களும் அவர்களது பிள்ளைகளும் 2009இன் இறுதிப் போரில் அகப்பட்டார்கள். கண்டிப் பக்கம் திரும்பி வந்தவர்களும் உண்டு. வைத்தியத்துக்காக உறவினர் வீடுகளில் வந்து தங்குகிறவர்களும் உண்டு. இவர்களில் ஒருவரின் மருந்துப் பையைத் திறந்தால் காயத்தின் வலிக்கு ஒரு குளிசை, நித்திரைக்கு ஒன்று, தலையில் பட்ட காயத்தால் வந்த வலிப்புக்கு ஒன்று என்று இருக்கும். ‘வயிற்றுக்காக’ ஒமெப்ரசோலும் அதோடு இருக்கும். போருக்குப் பின் வடக்கில் குடி கூடியதைத் தனியாளின் ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல், ஒரு சமூகமே பட்ட காயத்தின் அடையாளமாகப் பார்க்க வேண்டும் என்று எழுதியவர் உளவைத்தியர் தயா சோமசுந்தரம். அந்தக் காயத்தோடு வாழ்கிறவருக்கு ‘குடிக்காதே’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது எதற்கும் உதவாது. பையிலுள்ள குளிசைகள் ஒன்றோடொன்று என்ன செய்யும் என்றாவது சொல்ல வேண்டும்.

நித்திரைக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் டயசிபாம் ஈரலில் உடைபடுகிறது. ஒமெப்ரசோல் அந்த உடைப்பை மந்தமாக்கும். பழைய சிமெடிடீனும் அப்படித்தான். ஆக, டயசிபாம் உடம்பில் வழமையைவிடக் கூடுதலான நேரம் நிற்கும். டயசிபாமும் மதுசாரமும் மூளையை ஒரே திசையில் அமர்த்துபவை. இரண்டும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். நித்திரையில் வாந்தியெடுத்து அது மூச்சுக்குழாயில் போய் உயிர் போகலாம். அமில மருந்துக்கும் குடிக்கும் இடையில் உயிராபத்தான தொடர்பு இருக்கிறதென்றால் அது இந்த மூன்றாவது குளிசையின் வழியாகத்தான். ஃபமொடிடீனும் பன்டொப்ரசோலும் இந்த விடயத்தில் குறைந்த தொந்தரவு தருபவை. டயசிபாம் எடுப்பவர் தனக்கு அவற்றில் ஒன்றைத் தர முடியுமா என்று வைத்தியரிடம் கேட்கலாம்.

வலிப்புக்கான பெனிடொயின் எடுப்பவர்களுக்குச் சிமெடிடீன் அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். ஒமெப்ரசோலும் ஓரளவு கூட்டலாம். தள்ளாட்டம், கண் ஆட்டம், பேச்சுக் குழறல் ஆகியவை பெனிடொயின் கூடியதன் அறிகுறிகள். பார்ப்பவர்களுக்கு அது வெறி போலவே இருக்கும். குடிக்காத ஒருவரைக் குடிகாரர் என்று வீதியில் ஏசுவதற்கு இது போதும்.

ஷெல் துண்டு உடம்பில் தங்கியவர்களும் கால் இழந்து செயற்கைக் கால் பூட்டியவர்களும் டைக்குளோபினக், இபுபுரோபென் போன்ற வலிக் குளிசைகளில் பல ஆண்டுகள் ஓட்டுகிறார்கள். இவர்களுக்கு ஒமெப்ரசோல் உண்மையாகவே தேவை. வலிக் குளிசையால் வரும் இரைப்பைப் புண்ணை அது பெரிதும் குறைக்கிறது. ஆனால் வலிக் குளிசையோடு குடியும் சேர்ந்தால் இரத்தம் கசியும் ஆபத்து ஏறிவிடும். அதை ஈடுசெய்ய ஒமெப்ரசோலை இரண்டாகப் போட்டும் பயனில்லை. தார் போன்ற கறுப்பு மலம், கோப்பித்தூள் நிறத்தில் வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமின்றி மெலிதல் ஆகியவற்றில் எது கண்டாலும் மருந்துக் கடையில் நிற்காமல் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பனடோல் பாதுகாப்பானது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நாள்தோறும் குடிப்பவரின் ஈரலுக்குப் பனடோலின் வழமையான உச்ச அளவே கூடுதலாகலாம்.

‘அல்சர் கோர்ஸ்’ எடுக்கும்போது

இரைப்பைப் புண்ணுக்கு ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பற்றீரியா காரணமாகலாம் என்பதைக் காட்ட, அவுஸ்திரேலிய வைத்தியர் பரி மார்ஷல் 1984இல் அந்தப் பற்றீரியாவைத் தானே குடித்தார். 2005இல் ரொபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார். அந்தப் பற்றீரியாவை அழிக்க ஒமெப்ரசோலோடு இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளை ஒன்றிரண்டு வாரம் தருவார்கள். அவற்றில் ஒன்று மெட்ரோனிடசோலாக இருக்கலாம். அதை எடுக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும் என்று பல தசாப்தங்களாக எச்சரிக்கிறார்கள். 2002இல் பின்லாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனாலும் மருந்தோடு வரும் எச்சரிக்கை மாறவில்லை. மருந்து முடிந்து குறைந்தது இரண்டு நாள், சில நாடுகளில் மூன்று நாள், குடிக்கக் கூடாது என்கிறது அது. குடிப்பதற்காகக் கோர்ஸை இடையில் நிறுத்துவது எல்லாவற்றிலும் மோசம். பற்றீரியா சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும்.

உறையில் என்ன எழுதியிருக்கிறது?

இவ்வளவையும் வாசித்துவிட்டு உங்கள் வீட்டு மருந்து உறையை எடுத்துப் பாருங்கள். கண்டி மாவட்டத்தில் கிடைக்கும் உறைகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. காலை, பகல், இரவு என்பதற்கு ஒரு கோடு. மருந்தின் பெயர் சுருக்கமாக, அவசரக் கையெழுத்தில். குடிக்கக் கூடாது, நித்திரைக் குளிசையோடு சேர்க்கக் கூடாது என்ற எச்சரிக்கை எந்த மொழியிலும் இல்லை. 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்பது அரசியலமைப்பில் இருக்கிறது. உறைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

இத்தனைக்கும் மருந்துகளை அவற்றின் பொதுப் பெயரால் அழைக்க வேண்டும் என்று உலகுக்கே எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் இந்த ஊரோடு தொடர்புடையவர். பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்த பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமாக இருந்தார். பத்துக் கம்பனிகள் பத்துப் பெயரில் விற்கும் ஒரே மருந்தை ஒரே பெயரால் வாங்கி, ஒரே பெயரால் கொடுத்தால் விலையும் குறையும், குழப்பமும் குறையும் என்பது அவர் வாதம். 1977இல் கயானாவில் அவர் இறந்தார். பொதுப் பெயர் எழுத வேண்டும் என்ற விதி 2015ஆம் ஆண்டு தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் சட்டத்தோடு வந்தது. ஒரே ஒமெப்ரசோலை இரண்டு பெயரில் இரண்டு இடத்தில் வாங்கி இரண்டையும் எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது பழைய உறைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றின் பொதுப் பெயரையும் தெளிவாக எழுதித் தரும்படி கேளுங்கள். குடிப்பதுண்டா என்று வைத்தியர் கேட்டால் மறைக்க வேண்டாம். ‘எப்போதாவது’ என்று சொல்வதைவிட ‘கிழமைக்கு மூன்று நாள், கால் போத்தல்’ என்று சொல்வது அவருக்குப் பயன்படும். அப்பாவோ மாமாவோ பக்கத்தில் மகளை வைத்துக்கொண்டு இதைச் சொல்லக் கூச்சப்படுவார் என்றால், மகள் சற்று வெளியே நிற்கட்டும்.

நாள்தோறும் நிறையக் குடிப்பவர் இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே தனியாக நிறுத்த முயலக் கூடாது. திடீர் நிறுத்தம் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பையும் மனக்குழப்பத்தையும் கொண்டுவரலாம்; ஏற்கெனவே வலிப்பு உள்ளவருக்கு ஆபத்து இன்னும் கூட. மருந்தோடு கண்காணித்து நிறுத்த வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் வழி உண்டு. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.